மருத்துவமனைக்கு வெளியே ஒரு வகுப்பறை

நுழையும்முன்

குழந்தை மருத்துவர் ஒருவர் தம் கல்வியை எங்கே பெறுகிறார்? மருத்துவக் கல்லூரியில் என்றும், மருத்துவமனையில் என்றும் விடை கூறுவோம். குழந்தையை நோய் பற்றுகின்ற இடமோ வீடு, தெரு, குடிநீர்க் குழாய், விளையாடும் மண் ஆகியவை. அவ்விடங்களையும் அங்கு வாழும் மக்களையும் மருத்துவக் கல்வியின் உள்ளே கொண்டுவர முயன்ற சிலரைப் பற்றிப் பேசுகிறது இப்பாடம்.

மாத்திரையும் மண்ணும்

நம் பள்ளிகளில் குடற்புழு நீக்க மாத்திரை வழங்கப்படும் நாளை நீங்கள் அறிவீர்கள். மாத்திரையை நன்கு மென்று விழுங்கும்வரை ஆசிரியர் அருகிலேயே நிற்பார். மாத்திரை தன் பணியைச் செம்மையாகவே செய்கிறது. குடலில் உள்ள புழுக்கள் அழிகின்றன. ஆயினும் அடுத்த முறையும் அதே மாணவருக்கு அதே மாத்திரை தேவைப்படுகிறது. ஏன்?

கொக்கிப்புழுவை எடுத்துக்கொள்வோம். திறந்தவெளியில் மலம் கழிக்கப்பட்ட மண்ணில் அதன் முட்டைகள் பொரிந்து இளம்புழுக்கள் உருவாகின்றன. வெறுங்காலுடன் நடக்கும் குழந்தையின் தோலைத் துளைத்து அவை உட்புகுகின்றன. குருதியோட்டத்தின் வழியே நுரையீரலை அடைந்து, அங்கிருந்து குடலுக்கு வந்து, குடற்சுவரைப் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சுகின்றன. குழந்தை வெளிறுகிறது, சோர்கிறது, வகுப்பில் கவனம் இழக்கிறது. பெற்றோர் நகரத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர். அவர் கண்ணிமையைத் தாழ்த்திப் பார்க்கிறார். குருதிச்சோகை என்று கண்டு இரும்புச்சத்து மருந்து எழுதுகிறார். அவர் செய்ததில் பிழையேதும் இல்லை. ஆனால் அவருடைய மேசைக்கு வந்தது குழந்தை மட்டுமே. அது நடந்த மண் வரவில்லை.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறார் வள்ளுவர்: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து துணைபுரிபவர். முதல் மூன்றையும் நாம் எளிதில் ஒப்புக்கொள்வோம். நான்காமவரை மருந்தெடுத்துக் கொடுக்கும் உதவியாளர் என்ற அளவில் பொருள்கொண்டு கடந்துவிடுகிறோம். குழந்தையைப் பொறுத்தவரை அந்த நான்காமவர் தாய், பாட்டி, அங்கன்வாடிப் பணியாளர், ஊர்ச் செவிலியர், அண்டைவீட்டார் எனப் பலராக விரிகிறார். இப்பலரோடு சேர்ந்து பணியாற்றும் திறனை ஒரு மருத்துவர் கற்றுக்கொள்ள முடியுமா, அதனைப் பாடமாக வைக்க முடியுமா என்பதே இங்கு நம் வினா.

மருந்துச் சீட்டில் உணவு

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் போலேலா என்னும் சிற்றூர்ப் பகுதி உள்ளது. 1940ஆம் ஆண்டு சிட்னி கார்க், எமிலி கார்க் என்னும் மருத்துவத் தம்பதியர் அங்கு ஒரு நலமையத்தைத் தொடங்கினர். நோயாளி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அவ்வூர் மக்களிலிருந்தே நலப்பணியாளர்களைத் தேர்ந்து பயிற்றுவித்து, வீடுவீடாகச் சென்று நிலைமையைக் கணக்கெடுத்தனர். ஊட்டக்குறைவே குழந்தைகளின் பெருந்துன்பம் எனத் தெரிந்ததும் காய்கறித் தோட்டம் அமைப்பது அவர்களின் மருத்துவப் பணிகளுள் ஒன்றாயிற்று.

1957ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ மாணவர் ஒருவர் அங்குச் சென்று சில மாதங்கள் தங்கிப் பயின்றார். அவர் பெயர் ஜாக் கைகர். ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின், மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட் பேயு என்னும் ஊரில், பருத்தி வயல்களில் உழைத்து வறுமையில் வாடிய கறுப்பின மக்களுக்கான நலமையத்தை உருவாக்குவதில் அவர் முன்னின்றார். அங்குவந்த குழந்தைகள் பலர் பசியால் மெலிந்திருந்தனர். மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் பாலும் இறைச்சியும் காய்கறியும் எழுதினர். மக்கள் அச்சீட்டைக் காட்டி உள்ளூர் மளிகைக் கடைகளில் உணவுப் பொருள்களைப் பெற்றனர். அதற்கான தொகை நலமையத்தின் மருந்துக் கணக்கில் எழுதப்பட்டது.

செய்தி தலைநகருக்கு எட்டியது. மருந்து வாங்கத் தந்த பணத்தில் உணவு வாங்கலாமா என்று அதிகாரிகள் வினவினர். ஊட்டக்குறைவு என்ற நோய்க்கு மருத்துவ நூல்கள் கூறும் மருந்து உணவுதான் என்பதே கைகர் தந்த விளக்கம். அதற்கு மறுமொழி கூற எவராலும் இயலவில்லை. பின்னர் அம்மக்களே கூட்டுறவுப் பண்ணை ஒன்றை அமைத்துத் தங்களுக்கு வேண்டிய காய்கறிகளை விளைவித்தனர். போலேலாவில் ஒரு மாணவர் கண்ணால் கண்ட காய்கறித் தோட்டம், கடல் கடந்து மற்றொரு மண்ணில் முளைத்தது என்று இதனைக் கூறலாம். விரிவுரை அறையில் மட்டுமே அவர் பயின்றிருந்தால் இது நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

தெரிந்து தெளிவோம்

நைஜீரியாவின் இமேசி இலே என்னும் சிற்றூரில் பணியாற்றிய டேவிட் மார்லி என்னும் ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், குழந்தையின் எடையை மாதந்தோறும் குறிக்கும் வளர்ச்சி அட்டையை உலகெங்கும் பரவச் செய்தவர். அவ்வட்டையை மருத்துவமனையில் வைக்காமல் தாயிடமே ஒப்படைத்தார். கோடு மேலேறினால் வளர்ச்சி; கிடையாகச் சென்றால் எச்சரிக்கை. நோய் வெளிப்படும் முன்பே தாய் அதனைக் காண முடிந்தது. நம் அங்கன்வாடி மையங்களில் பேணப்படும் வளர்ச்சிக் கண்காணிப்பு அட்டையும் இவ்வகையைச் சார்ந்ததே.

ஃபிளிண்ட் நகரத்துத் தண்ணீர்

மக்களும் மருத்துவரும் ஒருவருக்கொருவர் எவ்வளவு தேவைப்படுகின்றனர் என்பதை அண்மைக்காலத்தில் தெளிவாக உணர்த்தியது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளிண்ட் நகரம். ஒருகாலத்தில் மகிழுந்துத் தொழிலால் செழித்து, தொழிற்சாலைகள் மூடப்பட்டதால் வறுமையுற்ற நகரம் அது. 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்கும் நோக்கில் அந்நகரின் குடிநீர் மூலம் மாற்றப்பட்டது. அதுவரை டெட்ராய்ட் நகரிலிருந்து வந்த ஏரிநீருக்கு மாற்றாக ஃபிளிண்ட் ஆற்றின் நீர் குழாய்களில் விடப்பட்டது.

ஆற்றுநீர் குழாய்களை அரிக்கும் இயல்புடையது. அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளை அதில் கலந்திருக்க வேண்டும், கலக்கவில்லை. பழைய குழாய்களிலும் அவற்றின் பற்றவைப்புகளிலும் இருந்த ஈயம் சிறிது சிறிதாகக் குடிநீரில் கரைந்தது. தண்ணீரின் நிறமும் மணமும் மாறியதைக் கண்ட மக்கள் புட்டிகளில் நீரை ஏந்திக்கொண்டு கூட்டங்களுக்குச் சென்று முறையிட்டனர். தண்ணீர் நலமானதே என்று அதிகாரிகள் மீண்டும் மீண்டும் கூறினர். அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், இந்நீர் தன் இயந்திர உறுப்புகளை அரிக்கிறது என்று கூறி வேறு நீருக்கு மாறிக்கொண்டது. இயந்திரங்களுக்குக் கிடைத்த இந்த மாற்றம் குழந்தைகளுக்குக் கிடைக்க மேலும் ஓராண்டு ஆயிற்று என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

லீ ஆன் வால்டர்ஸ் என்னும் தாய், தம் வீட்டுக் குழாய்நீரை ஆய்வு செய்யுமாறு வற்புறுத்தினார். நூறு கோடிப் பங்கு நீரில் 15 பங்கு ஈயம் இருந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அவர் வீட்டில் 2015 தொடக்கத்தில் முதலில் 104 பங்கும் பின்னர் 397 பங்கும் காணப்பட்டன. அவரும் அண்டைவீட்டாரும் விர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் குழுவுடன் இணைந்து நகரின் பல பகுதிகளிலிருந்து நீர்மாதிரிகளைத் திரட்டினர். மருத்துவப் பட்டம் பெறாத மக்கள் நிகழ்த்திய நோய்நாடல் இது.

ஈயத்தின் கொடுமை அதன் அமைதியில் உள்ளது. காய்ச்சல் இல்லை, தடிப்பு இல்லை, அழுகை இல்லை. குழந்தையின் வளரும் மூளையை அது தாக்குகிறது. கற்கும் திறனையும் கவனத்தையும் நடத்தையையும் குலைக்கிறது. ஏற்பட்ட பாதிப்பைப் பெரும்பாலும் மீட்க இயலாது. குழந்தைக்குத் தீங்கற்றது என்று கூறத்தக்க ஈய அளவே இல்லை என்பது மருத்துவ உலகின் முடிவு. குழாய்நீரில் பால்மாவைக் கரைத்துக் குடித்த கைக்குழந்தைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அந்நகரின் ஹர்லி மருத்துவ மையத்தில் குழந்தை மருத்துவ முதுநிலைப் பயிற்சியின் இயக்குநராக இருந்தவர் மோனா ஹன்னா அட்டிஷா. இளம் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதே அவர் பணி. தண்ணீரைப் பற்றித் தாய்மார்கள் கேட்டபோது, அரசின் சொல்லை நம்பி, அஞ்ச வேண்டாம் என்று அவரும் கூறியிருந்தார். இதனை அவரே பின்னாளில் தம் நூலில் மறைக்காமல் எழுதியுள்ளார். 2015 ஆகஸ்டில் ஒரு மாலைப்பொழுதில், குடிநீர்த் துறையில் பணியாற்றிய பொறியாளரான அவருடைய பள்ளித்தோழி, அரிப்புத் தடுப்பு மருந்து கலக்கப்படவில்லை என்ற செய்தியைக் கூறினார். அன்றிரவு முதல் அவர் உறக்கம் இழந்தார்.

மருத்துவமனையில் குழந்தைகளுக்கு வழக்கமாக எடுக்கப்பட்ட குருதி ஆய்வு முடிவுகளைத் திரட்டி, நீர் மாற்றப்படுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என அவர் ஒப்பிட்டார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் குருதியில் ஈய அளவு மிகுந்தோர் 2.4 விழுக்காட்டிலிருந்து 4.9 விழுக்காடாக உயர்ந்திருந்தனர் என்பது அவர்தம் குழு வெளியிட்ட ஆய்வின் முடிவு. 2015 செப்டம்பர் 24 அன்று செய்தியாளர்களைக் கூட்டி, முதற்கட்டக் கண்டறிதல்களை அவர் வெளியிட்டார். ஆய்விதழில் வெளிவரும்வரை காத்திருப்பதே அறிவியல் உலகின் மரபு. ஆனால் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் குழந்தைகள் அந்நீரைக் குடித்துக்கொண்டிருப்பார்கள். மாநில அதிகாரிகள் முதலில் அவர் கணக்கை மறுத்தனர். சில நாள்களிலேயே உண்மையை ஒப்புக்கொண்டனர். அக்டோபர் 16 அன்று நகரம் பழைய நீருக்குத் திரும்பியது.

இங்கு ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். மக்களிடம் நீரின் சான்று இருந்தது. குருதியின் சான்று இல்லை. மருத்துவரிடம் குருதி முடிவுகள் கோப்பில் கிடந்தன. அவற்றை எந்த வினாவோடு திறப்பது என்பது தெரியவில்லை. இரண்டும் இணைந்தபோதுதான் அரசு அசைந்தது. மக்கள் ஓராண்டுக்கு மேலாகக் கூறியதை வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர் கூறியபின்னரே உலகம் கேட்டது என்பது வருந்தத்தக்கது. மக்களின் சொல்லுக்குச் செவிசாய்க்க மருத்துவர்களைப் பழக்குவது ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

நோய்க்கு முன்னே நிற்கும் மருத்துவர்

அந்நெருக்கடி எழுந்த அதே ஆகஸ்டில், ஹர்லியின் குழந்தைகள் மருத்துவப் பிரிவு ஃபிளிண்ட் நகர உழவர் சந்தைக் கட்டடத்திற்கு இடம்மாறியிருந்தது. மேல்தளத்தில் மருத்துவர், கீழ்த்தளத்தில் காய்கனிக் கடைகள். குழந்தைக்குக் காய்கனி வேண்டும் என்று மருத்துவர் சீட்டு எழுதித்தர, பெற்றோர் படியிறங்கி அதனைப் பெற்றுச் செல்லும் முறை பின்னர் ஏற்பட்டது. 2024இல் அந்நகரில் மற்றொரு முயற்சியும் தொடங்கியது. கருவுற்ற தாய்க்கு 1,500 டாலரும், குழந்தை பிறந்தபின் ஓராண்டுக்கு மாதந்தோறும் 500 டாலரும் வழங்கும் திட்டம் அது. வறுமையையே நோய்க்காரணமாகக் கொண்டு எழுதப்பட்ட மருந்துச் சீட்டு என்று அதனைக் கருதலாம். இத்தகைய சூழலில் பயிலும் இளம் மருத்துவருக்கு, மருந்துச் சீட்டு என்ற சொல்லின் பொருளே விரிந்துவிடுகிறது.

பாஸ்டன் நகரப் பொது மருத்துவமனையில் இதற்கும் முன்னரே இரு முயற்சிகள் தோன்றின. 1989இல் அங்குள்ள குழந்தை மருத்துவர்கள், பரிசோதனைக்கு வரும் குழந்தைக்கு ஊசியோடு ஒரு படக்கதை நூலையும் வழங்கத் தொடங்கினர். ஆறு மாதக் குழந்தைக்கு நூல் எதற்கு என்று நமக்குத் தோன்றலாம். மடியில் வைத்துக் கதை படிக்கும்போது பிஞ்சுக்காதில் விழும் சொற்களே அதன் மொழித்திறனுக்கு உரமாகின்றன. குழந்தை நூலை எப்படிப் பற்றுகிறது, படத்தைச் சுட்டுகிறதா, பெற்றோர் முகத்தை நோக்குகிறதா என்பவற்றிலிருந்து அதன் வளர்ச்சியை மதிப்பிடவும் பயிற்சி மருத்துவர் கற்றுக்கொள்கிறார்.

1993இல் அம்மருத்துவமனை குழந்தைகளுக்காக ஒரு வழக்கறிஞரைச் சேர்த்துக்கொண்டது. காரணம் எளியது. மூச்சிரைப்பு நோயால் துன்புறும் குழந்தைக்கு எத்துணை மருந்து கொடுத்தாலும், அது உறங்கும் வாடகை வீட்டின் ஈரச்சுவரில் பூஞ்சை படர்ந்திருந்தால் நோய் திரும்பத்தானே செய்யும்? சுவரைச் செப்பனிடுமாறு வீட்டு உரிமையாளருக்கு மருத்துவர் எழுதும் கடிதத்தைவிட, சட்டம் அறிந்தவர் எழுதும் கடிதத்திற்கு ஆற்றல் மிகுதி. "வீட்டுச் சுவர் எப்படி இருக்கிறது?" என்று கேட்கவும் ஒரு மருத்துவருக்குப் பயிற்சி வேண்டியிருக்கிறது.

கட்சிரோலி கற்பித்தது

மேற்கூறியவற்றில் மருத்துவர் மக்களிடம் சென்றார். மருத்துவ அறிவையே மக்களின் கையில் கொடுத்துவிட முடியுமா? மகாராட்டிர மாநிலத்தின் காடு சூழ்ந்த கட்சிரோலி மாவட்டத்தில் இதனைச் செய்துகாட்டினர் அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவ இணையர். 1986இல் 'சர்ச்' என்னும் அமைப்பை நிறுவிய அவர்கள், மருத்துவமனை எப்படி இருக்க வேண்டும் என்று பழங்குடி மக்களையே கேட்டனர். பெரிய கட்டடங்களைக் கண்டு அம்மக்கள் அஞ்சினர். ஆகவே குடில்களின் அமைப்பில் மருத்துவமனை எழுந்தது. மக்கள் வணங்கும் தந்தேசுவரி அன்னையின் பெயரை அது ஏற்றது.

பச்சிளங்குழந்தைகள் பிறந்த சில நாள்களிலேயே இறப்பது அங்கு வழக்கமாக இருந்தது. மருத்துவமனை தொலைவில், பிறப்பும் இறப்பும் வீட்டில். எனவே ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஓரளவு படித்த ஒரு பெண்ணைத் தேர்ந்து பயிற்சியளித்தனர். குழந்தையை எடைபார்த்தல், குளிரிலிருந்து காத்தல், தாய்ப்பாலூட்டத் துணைபுரிதல், மூச்சை எண்ணுதல், நோய்த்தொற்றின் அறிகுறிகளை அறிந்து மருந்து தருதல் எனப் பலவற்றையும் அவர்கள் கற்றனர். எழுத்தறியாத மருத்துவச்சிகளும் குழந்தையின் மூச்சுவேகத்தைக் கணிக்க ஏதுவாக, ஒரு நிமிட மணற்கடிகையும் மணிகளும் கொண்ட எளிய கருவி உருவாக்கப்பட்டது. மூச்சை எண்ணுவதன் வாயிலாக நிமோனியாவைக் கண்டுகொள்ளலாம் அல்லவா?

1999இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. இத்திட்டம் நடைபெற்ற 39 ஊர்களில், நடைபெறாத 47 ஊர்களோடு ஒப்பிட, மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்திருந்தது. பின்னர் வீடுசார் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு நாட்டின் நலத்திட்டங்களுள் ஒன்றாயிற்று. கருவிகள் நிறைந்த மருத்துவமனைகளின் தேவையை இது மறுக்கவில்லை. குறைமாதக் குழந்தைக்குச் செயற்கை மூச்சு அளிக்கும் அறிவை எந்த ஊர்ச்சுற்றலும் தராது. இரண்டு கல்வியும் ஒருவரிடம் சேர வேண்டும் என்பதே வேண்டுகோள்.

நம் நாட்டில்

இந்திய மருத்துவக் கல்வியிலும் இதற்கான கதவு திறந்துள்ளது. முதுநிலை மாணவர்கள் தம் பயிற்சிக்காலத்தில் மூன்று மாதங்கள் மாவட்ட அளவிலான அரசு மருத்துவ அமைப்பில் பணியாற்றவேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. இளநிலை மாணவர்கள் சிற்றூர்க் குடும்பங்கள் சிலவற்றைத் தத்தெடுத்து, தம் படிப்புக்காலத்தில் அவற்றின் நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டமும் உள்ளது.

திட்டம் ஏட்டில் இருப்பது போதாது. பேருந்தில் வந்திறங்கி, படிவம் நிரப்பி, படம் எடுத்துக்கொண்டு திரும்பும் சுற்றுலாவாகவும் அது முடியக்கூடும். 'தத்தெடுத்தல்' என்னும் சொல்லிலும் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. அக்குடும்பத்தின் மூத்த பெண்மணி பல பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவராக இருக்கலாம்; அவரைப் பதினெட்டு வயது மாணவர் தத்தெடுப்பதாகச் சொல்வதைவிட, அவரிடம் மாணவர் பாடம் கேட்கச் செல்வதாகச் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

பாடம் கேட்க அங்கே ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. கிராமச் சுகாதாரச் செவிலியர் தம் பகுதியின் கருவுற்ற தாய்மார்களைப் பெயர்சொல்லி அறிவார். அங்கன்வாடிப் பணியாளர் எந்தக் குழந்தையின் எடைக்கோடு கிடையாக நிற்கிறது என்பதை அட்டையைப் பாராமலே கூறுவார். அம்மையத்திற்கு வரும் இளம் குழந்தை மருத்துவர், அங்கு அமர்ந்திருக்கும் குழந்தைகளைப் பரிசோதிப்பதற்கு முன், வழக்கமாக வந்து இம்மாதம் வராத குழந்தை யார் என்று கேட்கலாம். அக்குழந்தை பெற்றோருடன் செங்கல் சூளைக்குச் சென்றிருக்கும். எந்தச் சூளை, எப்போது திரும்புவார்கள், தடுப்பூசியில் எது விடுபட்டது என்பன அப்பணியாளருக்குத் தெரியும்.